மேஸ்திரியின் இடது காது

அவளுடைய சொந்தப் பேர் சலவைக்கூடத்தில் யாருக்கும் நினைவில்லை. வலதக்கா என்றால்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இடது பக்கம் நின்று ஏதாவது சொன்னால், "வலது பக்கம் வந்து சொல்லும்மா" என்பாள். சொல்லிச் சொல்லி அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. மடிக்கும் மேசைக்காரி ஒருத்தி அடிக்கடி சொல்வாள்: "ரகசியம்னா வலதக்காகிட்டதான் சொல்லணும். நமக்கெல்லாம் ஒரு காதுல வாங்கி மறு காதுல போயிடும். அவங்களுக்குப் போறதுக்கு வழியே கிடையாது." எல்லோரும் சிரிப்பார்கள். வலதக்காவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரிப் போர்வைகளும் தலையணை உறைகளும் வந்து குவியும் சலவைக்கூடம் அது. ஈரத் துணியை உலர்த்தித் தேய்க்கும் ஆள் உயர உருளை ஒன்று நீராவிச் சூட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஈரப் போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து நேராக உள்ளே விட வேண்டும். முனை கோணினால் போர்வை சுருண்டுகொள்ளும், விரல் அசந்தால் விரல் வெந்துபோகும். வலதக்கா அதில் ஒரு நாளும் அசந்ததில்லை. பயந்த ஆட்களுக்கு அந்த வேலை நன்றாக வரும். அவள் பயந்த ஆள். பயம் அவளுக்குக் கூடப்பிறந்தது மாதிரிதான், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பக்கத்திலேயே இருக்கும்.

கூடவே பிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் வந்தது. காது அரிக்கிறது என்று அழுதவளை அம்மா மடியில் சாய்த்துப் படுக்க வைத்து, தலையில் இருந்த கொண்டை ஊசியை எடுத்து மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான், காதைக் குடைந்தாள். சுகமாக இருந்தது. கண் சொருகும் நேரத்தில் அண்ணன் விளையாட்டு வேகத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். கதவு அம்மாவின் முழங்கையில் இடித்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் காதில் எதுவும் விழவில்லை. அம்மா தன் ஆயுசுக்கும் கொண்டை ஊசி வைத்துக்கொள்ளவில்லை, ரிப்பனால்தான் கட்டிக்கொண்டாள்.

ஒரு காது போனால் பாதிச் சத்தம்தான் போகும் என்று ஊர் நினைக்கும். அப்படி இல்லை. சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. தெருவில் ஹாரன் அடித்தால் வண்டி முன்னாலா பின்னாலா என்று புரியாது. ஒரு தடவை வண்டிக்கு விலகுவதாக நினைத்து வண்டியின் மேலேயே பாய்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து யாராவது தெருவைக் கடக்கும்போது அவர்கள் நிழலோடு ஒட்டிக்கொண்டு கடப்பாள். வீட்டில் இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரிதான் உட்காருவாள், படுப்பாள். கணவன் லாரி ஓட்டுபவன். போனால் நாள்கணக்கில் வரமாட்டான். இரண்டாம் மாடியில் இரண்டே அறை உள்ள அந்த வீட்டில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சமையலறையா, வாசலா, ஜன்னலா? எழுந்து ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அதற்குள் இன்னொரு 'டக்'.

இப்படி இருந்தவளுக்குத்தான் மேஸ்திரி வந்து சேர்ந்தது.

சலவைக்கூடத்தில் சூடு ஆறாத போர்வைக் கூடை ஒன்றில் ஒரு பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது. சாம்பல் நிறம், மூக்கில் மட்டும் வெள்ளை. ஆஸ்பத்திரித் துணியில் பூனை முடியா என்று சூப்பர்வைசர் குதித்தார். யார் கொண்டுபோவது என்ற பேச்சில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் அது வலதக்காவின் துணிப்பைக்குள் ஏறியது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது ஒரு துரும்பையும் எடுத்துப் போடாது. அவள் பாத்திரம் தேய்க்கும்போது திண்டில் ஏறி உட்கார்ந்து, அரைக்கண்ணால் மேற்பார்வை பார்க்கும். அதனால் மேஸ்திரி.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. 'டக்' என்று சத்தம் வந்ததும் பூனையின் இரண்டு காதுகளும் சட்டென்று ஒரு பக்கம் திரும்பும். சமையலறைப் பக்கம் திரும்பினால் சமையலறை. வாசல் பக்கம் திரும்பினால் வாசல். பால் பொங்குவதும், பக்கத்து வீட்டுக்காரர் படியேறுவதும், குழாயில் தண்ணீர் வருவதும் அவளுக்கு முன்னால் அதற்குத் தெரியும். அவள் பூனையின் காதைப் பார்ப்பாள், அது காட்டும் திசையைப் பார்ப்பாள், ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தன் வேலையைப் பார்ப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதன்முறையாகக் கணவன் ஊரில் இல்லாத நாட்களிலும் நிம்மதியாகத் தூங்கினாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தக் காதுக்குத்தான் கேடு வந்தது.

முதலில் தலையைத் தலையை உதறியது. ஈ உட்கார்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மடியில் வைத்துக் காது மடலைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே காப்பித்தூளைக் கொட்டிவைத்த மாதிரி கறுப்புக் கறுப்பாக அழுக்கு. இடது காதில் இன்னும் அதிகம், ஒரு மாதிரிப் புளித்த வாடை வேறு. மடலை மூடிவிட்டு, பார்க்காதது போல எழுந்து போய்விட்டாள்.

பார்க்காமல் விட்டால் போய்விடும் என்று இருந்திருப்பாள். நாத்தனார் விடவில்லை. கணவனின் தங்கை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அடுத்த தெருவில் வீடு. வண்டி நிறைய கத்துகிற பிள்ளைகளோடு பழகியதால் எங்கே பேசினாலும் மைக் வைத்த மாதிரிதான் பேசுவாள். அண்ணிக்குக் கேட்க வேண்டும் என்பது சாக்கு.

"அண்ணி, என்ன இது, பூனை காதுல ரத்தம்? நீங்க பாக்கலையா?"

"சொறிஞ்சிருக்கும்."

"சொறிஞ்சிருக்கும்னு நீங்க சாவகாசமா உக்காந்திருக்கீங்க. கெளம்புங்க. டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். ஒரு குழல் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். நாத்தனார் பூனையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். வலதக்கா சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பூனைங்களுக்கு சகஜம்தான். அதுமேல புண்ணும் ஆயிடுச்சு. வலது காதுல சத்தம் வாங்கற சவ்வு நல்லா தெரியுது. இடது காதுல அழுக்கு அடைச்சிட்டு இருக்கறதால சரியா தெரியல. இந்த மருந்தை ஊத்தி வீட்டுலயே தினமும் சுத்தம் பண்ணுங்க. அடுத்த வாரம் கொண்டு வாங்க, பாத்துடலாம்."

"வீட்டுலயா?" என்றாள் வலதக்கா. "யாரு?"

"நீங்கதான்."

மருத்துவர் செய்து காட்டினார். மடலை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். குப்பியின் மூக்கை உள்ளே நுழைக்கக் கூடாது, காதின் வாய்க்கு மேலே வைத்து ஊற்ற வேண்டும். காதின் அடியில் இரண்டு விரலால் பிசைய வேண்டும், 'பச்சக் பச்சக்' என்று சத்தம் வரும். பிறகு விட்டுவிட்டால் பூனையே தலையை உதறி அழுக்கை மேலே கொண்டுவரும். மேலே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும்.

"குச்சி, பட்ஸ், எதுவும் வேண்டாம். விரல்ல பஞ்சைச் சுத்திக்குங்க. விரல் எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவுதான். பூனைக் காது நேரா கீழ இறங்கி, முழங்கை மாதிரி உள்ள திரும்பும். சவ்வு அந்தத் திருப்பத்துக்கு அப்புறம்தான் இருக்கு. பயப்படாதீங்க. ஒருவேளை தலையைச் சாய்ச்சுக்கிட்டு தள்ளாடினா மட்டும் உடனே நிறுத்திட்டு இங்க வந்துடுங்க."

பயப்படாதீங்க என்று சொன்னது அவள் காதில் விழவே இல்லை. கடைசி வாக்கியம்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து மருந்துக் குப்பியை அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மறுநாள், வேலை முடிந்து வந்த களைப்பு. அதற்கடுத்த நாள், பூனை தூங்குகிறது, பாவம். நாத்தனார் போனில் கேட்டபோது, "செஞ்சாச்சு, செஞ்சாச்சு" என்றாள். பொய் சொன்னதும் முகம் சூடாகிவிட்டது. கணவன் எங்கோ நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து கூப்பிட்டான்.

"மேஸ்திரி எப்படி இருக்கான்?"

"இருக்கான். நீங்க எப்ப வருவீங்க?"

"இன்னும் ரெண்டு இடத்துல சரக்கு இறக்கணும். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கதை உண்டு. இங்கே மணி கட்டச் சொல்லியிருந்தால் அவள் சந்தோஷமாகக் கட்டியிருப்பாள். குப்பியைக் கையில் எடுத்தாலே மடியில் சாய்ந்து படுத்த அந்தச் சுகம் நினைவுக்கு வரும். வலி நினைவுக்கு வந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சுகம்தான் வந்தது, கண் சொருகிய அந்த நிமிடம். அந்த நிமிடத்தில் அம்மாவும் இப்படித்தான் நினைத்திருப்பாள், மெதுவாகத்தானே செய்கிறோம், ஒன்றும் ஆகாது என்று. குப்பி திரும்ப அரிசி டப்பாவுக்குப் பின்னால் போகும்.

ஆனால் பூனை சொறிவதை நிறுத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டில் முகத்தை வைத்துவிட்டு, தலையை உதறி, சாப்பிடாமலே போனது. காது மடலின் ஓரம் புண்ணாகி முடி கொட்டியது. வார விடுமுறை நாளன்று காலையில் அது சொறிந்துகொண்டே, வலியில், குழந்தை சிணுங்குவது மாதிரி ஒரு சத்தம் போட்டது. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம் என்றாகிவிட்டது. செய்துவிடலாம்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். இடது பக்கம் சுவர். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்து, திரும்ப வந்து உட்கார்ந்து, மறுபடியும் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னலை அடைத்தாள். போனை அணைத்தாள். மேஸ்திரியைப் பழைய துண்டில் கழுத்து வரை சுற்றினாள். போர்வை மடித்துப் பழகிய கை. அது ஒரு பொட்டலம் மாதிரி அழகாக அடங்கியது. அடங்கிவிட்டு, என்ன செய்யப்போகிறாய் என்று அவளைப் பார்த்தது.

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமே இல்ல," என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

முதலில் வலது காது. மடலைத் தூக்கினாள். குப்பியைச் சாய்த்தாள். பாதி மருந்து துண்டில் போனது. மீதி உள்ளே போனது. பிசைந்தாள். 'பச்சக் பச்சக்'. மருத்துவர் சொன்ன அதே சத்தம். பூனை கண்ணை மூடிக்கொண்டது. விட்டதும் தலையை உதறியது, அவள் கன்னத்தில் கறுப்புப் பொட்டுகள் தெறித்தன. பஞ்சை விரலில் சுற்றித் துடைத்தாள். பஞ்சு கறுத்து வந்தது, உள்ளே ரோஜா நிறத்தில் சுத்தமான தோல் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள்!

அடுத்தது இடது காது. மடலைத் தொட்டதுமே பூனை உறுமியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பியைக் காதின் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். மருந்து இறங்கத் தொடங்கியது.

தடதடதடவென்று இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். எங்கிருந்து? ஜன்னலா? மேலேயா? பூனை துள்ளியது. அவள் கையும் துள்ளியது. குப்பியின் மூக்கு எதிலோ குத்துவதை உணர்ந்தாள். பூனை அலறிய அலறலில் அவள் குப்பியை வீசிவிட்டாள். அது துண்டைக் கிழித்துக்கொண்டு, அவள் முழங்கையைப் பிறாண்டிக்கொண்டு, பறந்துபோய் அலமாரியின் உச்சியில் ஏறி நின்றது.

"அண்ணி! அண்ணி! போன் ஏன் அணைஞ்சிருக்கு? கதவைத் திறங்க!"

வாசலில் நாத்தனார். பயத்தில் கதவையே உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள்.

வலதக்கா எழுந்திருக்கவில்லை. அலமாரியின் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கீழே குதிக்கப் பார்த்தது. எந்த உயரத்திலிருந்தும் பஞ்சு மாதிரி வந்து இறங்கும் பூனை, மூட்டை விழுகிற மாதிரி பக்கவாட்டில் விழுந்தது. எழுந்தது. தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. இரண்டு அடி வைத்து, ஒரு வட்டம் போட்டு, மறுபடி விழுந்தது. அதன் கண்ணின் கருமணி இரண்டும் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருந்தன.

அவள் தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். நாத்தனார் உள்ளே வந்து, அண்ணியின் முகத்தையும், ரத்தம் கசியும் முழங்கையையும், தரையில் வட்டமடிக்கும் பூனையையும் பார்த்தாள்.

"குத்திட்டேன்," என்றாள் வலதக்கா. "நான் குத்திட்டேன். அவனுக்குக் காது போச்சு."

பள்ளிக்கூட வேனின் பின் இருக்கையில், பிளாஸ்டிக் கூடையை மடியில் கட்டிக்கொண்டு போனாள். கூடைக்குள் பூனை வாந்தி எடுத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டது. நாத்தனார் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் ஓட்டுவதை வலதக்கா பார்த்ததே இல்லை, அது வேறு பயமாக இருந்தது. சாகப்போகிறதா என்று கேட்க வாய் எடுத்தவள், கூடைக்குள் கையை விட்டுப் பூனையைத் தடவினாள். அம்மாவை நினைத்தாள். அம்மா தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என்ன நினைத்திருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. இன்று அந்த ஓட்டம் முழுக்கத் தெரிந்தது, செருப்பில்லாத காலோடு. அவளும் செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை என்பதை மருத்துவமனைப் படியில்தான் கவனித்தாள்.

மருத்துவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஊசி போட்டுத் தூங்க வைத்து, காதைக் கழுவி, உள்ளே குழல் விளக்கை விட்டு மறுபடியும் பார்த்தார். வெளியே பெஞ்சில் வலதக்கா, தன் வலது பக்கம் நாத்தனாரை உட்கார வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உங்க கை அந்தச் சவ்வு வரைக்கும் போயிருக்கவே முடியாது," என்றார் மருத்துவர் வெளியே வந்து. "குப்பியோட மூக்கு அவ்வளவு நீளம் கிடையாது. மேல தோல்ல ஒரு கீறல், அவ்வளவுதான். உள்ள சவ்வுல ஏற்கெனவே ஓட்டை இருக்கு. புண்ணு அரிச்சிருக்கு. நீங்க ஊத்தின மருந்து அந்த ஓட்டை வழியா உள்காதுக்குப் போயிடுச்சு. அதான் இந்தத் தலைசுத்தல்."

"அப்ப ஊத்தினது தப்புதானே?"

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "ஊத்தச் சொன்னது நான். சவ்வு தெரியாத காதுல நான் அந்த மருந்தைச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என் பக்கம்தாங்க."

நாத்தனார் வாயைத் திறந்தாள். வலதக்கா அவள் கையை அழுத்தினாள். சண்டை போட அவளிடம் தெம்பில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும்.

"காது கேக்குமா?"

"இப்போ சொல்ல முடியாது. பூனைங்களுக்குச் சவ்வு திரும்ப வளரும், பெரும்பாலும். உள்காது எப்படின்னு போகப் போகத்தான் தெரியும். இடது காதை இனிமே இங்க நானே கழுவறேன். நீங்க தொட வேண்டாம். ஆனா வலது காதை வீட்டுல தினமும் செய்யணும். நிறுத்தினா பூச்சி அந்தக் காதையும் அரிச்சு ஓட்டையாக்கிடும். அதே மருந்துதான், அங்க சவ்வு நல்லா இருக்கு."

இன்னொரு காது. மிச்சம் இருக்கிற ஒரே காது.

"முடியாது டாக்டர்," என்றாள். "நான் செய்ய மாட்டேன்."

நாத்தனார் செய்வதாகச் சொன்னாள். மறுநாள் காலை செய்யவும் வந்தாள். வேன் ஓட்டும் முரட்டுக் கை அது. தலை சுற்றிக்கொண்டிருந்த பூனை, அந்தப் பிடியில், வெறிபிடித்த மாதிரி திமிறியது. கட்டை விரலில் பல் பதிய வாங்கிக்கொண்டு, "இது பூனையில்ல அண்ணி, புலி. நான் இப்ப போய் ஸ்டியரிங் பிடிக்கணும்" என்று கழன்றுகொண்டாள். மருத்துவமனைக்குத் தினமும் தூக்கிக்கொண்டு போவதென்றால் ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி. வேறு வழி இல்லை. அன்று சாயங்காலம் வலதக்கா தரையில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் போடவில்லை, வாசலில் நாத்தனாரை நிறுத்தி, யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். குப்பியிலிருந்து நேராக ஊற்றப் பயந்து, பஞ்சை மருந்தில் நனைத்து, காதின் வாயில் பிழிந்தாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. பிசைந்தாள். ஒவ்வொரு பிசைவுக்கும் அதன் கண்ணைப் பார்த்தாள், கருமணி ஓடுகிறதா என்று. அது முன்னமே ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதனால் ஓடுகிறதா, அதனால் ஓடுகிறதா? வியர்வை முதுகில் வழிந்தது. முடிந்ததும் நாத்தனார் எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றாள். அவள் கறுத்த பஞ்சைத் தூக்கிக் காட்டினாள்.

அடுத்த நாளும் அதே பயம். அதற்கடுத்த நாளும். பழகினால் போய்விடும் என்றார்கள். சூடு பழகும், உருளை பழகும், இது பழகவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் கை தன்னால் பஞ்சை எடுத்தது.

மேஸ்திரி கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சுவரில் சாய்ந்தபடி நடந்தது, அதுவும் இடது பக்கச் சுவர். அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் அதற்குப் பின்னால் இடது பக்கமாக ஒரு கரண்டியைத் தரையில் போட்டாள். பூனை வலது பக்கம் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் வலது பக்கம். கரண்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இனி எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஆள் யாருமில்லை. பழைய 'டக்' எல்லாம் திரும்ப வந்துவிட்டது. வாசலா, ஜன்னலா? பூனையைப் பார்ப்பாள். பூனை அவளைப் பார்க்கும்.

அப்படி ஒரு காலைப்பொழுதில்தான் கணவன் வந்து சேர்ந்தான். தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தவன், சமையலறை வாசலில் நின்று, "மேஸ்திரி!" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அலறினாள். பூனை குளியலறைப் பக்கம் திரும்பிச் சீறியது. இரண்டும் இரண்டு பக்கம் பார்த்து அலறுவதைப் பார்த்த மனிதன் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டான்.

"என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்? நான்தான்! இங்க இருக்கேன்!"

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டான். கொண்டை ஊசிக் கதை அவனுக்குத் தெரியும். பூனையின் காதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் தைரியமாக இருந்தாள் என்பது தெரியாது. அதையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"பூனையை நம்பி இருக்கேன்னு எப்படிச் சொல்றது?"

"என்னை நம்பி இருந்தா மட்டும்? நான் என்னைக்கு வீட்டுல இருந்திருக்கேன்?" என்றவன், சற்று நேரம் பூனையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். அது சாய்ந்த தலையோடு அவனைப் பார்த்தது. "ஏதோ கேள்வி கேக்கற மாதிரியே பாக்கறான்," என்றான்.

வாரங்கள் போயின. ஒவ்வொரு தடவை மருத்துவமனைக்குப் போகும்போதும் அவள் தீர்ப்புக் கேட்கப் போகிறவள் மாதிரிதான் போவாள். ஒரு நாள் மருத்துவர் குழல் விளக்கை எடுத்துவிட்டு, "மெல்லிசா வளர்ந்திருக்கு. முழுசா மூடிடுச்சு" என்றார். அவள் அதை நம்பாமல் மறுபடியும் பார்க்கச் சொன்னாள். மருத்துவரும் கோபிக்காமல் மறுபடியும் பார்த்தார். தலை கொஞ்சம் சாய்ந்தேதான் இருக்கும், அது நிமிராது என்றார். கேட்பது? வீட்டில் அவள் பல நாள் கரண்டியைத் தொடாமல் இருந்தாள். ஒரு மத்தியானம் கரண்டி தானாகவே கை தவறி விழுந்தது. பூனை சரியான பக்கம் திரும்பியது. பிறகு மூடி விழுந்தபோது தப்பான பக்கம் திரும்பியது. பழைய நிச்சயம் இல்லை. பத்துக்கு ஆறு பழுதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சவ்வு மூடிய பிறகு மருத்துவர் சொன்ன வார்த்தைதான் அவளை மறுபடியும் பேயறைந்த மாதிரி ஆக்கியது. "இனிமே இடது காதையும் வீட்டுலயே செய்யலாம். வாரம் ஒரு தடவை போதும்."

அந்தத் தடவை கணவன் ஊரில் இருந்தான். பூனையைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொன்னான். துண்டில் சுற்றி, இரண்டு பெரிய கைகளுக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரியைப் பின்பக்கமாகவே இறக்குகிற ஆள்.

"நீங்க ஏன் கண்ணை மூடறீங்க?"

"நீ செய். என்னால பாக்க முடியாது."

அவள் நனைந்த பஞ்சைக் காதின் வாயில் வைத்தாள். பிழிந்தாள். பூனை உறுமவில்லை, சும்மா முணுமுணுத்தது. பிசைந்தாள். கண்ணைப் பார்த்தாள். கருமணி நின்ற இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது, நின்றதுதான்.

"விடுங்க."

அவன் விட்டதும் மேஸ்திரி ஒரு உதறு உதறியது. மருந்தும் அழுக்கும் முழுக்க அவன் சட்டையில். அவன் கண்ணைத் திறந்து சட்டையைப் பார்த்தான், பூனையைப் பார்த்தான். அது தள்ளாடாமல் நடந்துபோய், தலையைச் சாய்த்தபடி தண்ணீர் குடித்தது.

அவள் குழாயடியில் கை கழுவப் போனாள். சோப்பு இரண்டு தடவை நழுவி விழுந்தது. கழுவிவிட்டு, அங்கிருந்தே கேட்டாள்.

"அடுத்த வாரம் ஊர்ல இருப்பீங்களா?"

"இல்லை. லோடு இருக்கு."

குழாயை மூடினாள். "சரி," என்றாள். "துண்டு மட்டும் எனக்குப் பெருசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."